சித்தி என்றொரு தாய்: நடிகை ராதிகாவின் கலைப்பயணம் குறித்து ஒரு திறனாய்வு

தமிழில் உறவுச் சொற்கள் சில, இடத்துக்கேற்ப நிறம் மாறுபவை. 'சித்தி' அவற்றுள் ஒன்று. அன்னையின் தங்கையை அச்சொல்லால் அழைக்கும்போது விடுமுறை நாளின் மகிழ்ச்சியும் பலகாரத்தின் மணமும் அதில் கலந்திருக்கின்றன. தந்தையின் இரண்டாம் மனைவியை அதே சொல்லால் அழைக்க நேரும் குழந்தையின் நாவிலோ அது முள்ளாய்த் தைக்கிறது. நம் நாட்டார் கதைகள் இந்த முள்ளைத் தலைமுறை தலைமுறையாகக் கூர்தீட்டி வந்துள்ளன.

கத்தோலிக்கத் தமிழராகிய நாமும் இதற்கு விலக்கல்லர். ஞானசவுந்தரியின் கதையை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் முந்தைய தலைமுறையில் அரிது. அம்மானையாகப் பாடப்பட்டு, மேடையில் நடிக்கப்பட்டு, 1948இல் எம்.வி. ராஜம்மாவும் டி.ஆர். மகாலிங்கமும் நடித்த திரைப்படமாகவும் வந்த கதை அது. மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் காட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு இரு கைகளையும் இழந்த இளவரசி, தேவமாதாவின் பரிந்துரையால் அக்கைகளைத் திரும்பப் பெறுகிறாள். அக்கதை நமக்கு மரியன்னை மீது பக்தியைத் தந்தது. மாற்றாந்தாய் என்றாலே கத்தியை மறைத்து நிற்பவள் என்ற ஐயத்தையும் அதே மூச்சில் தந்துவிட்டது.

1999ஆம் ஆண்டு டிசம்பர் 20 அன்று சன் தொலைக்காட்சியில் 'சித்தி' என்னும் தொடர் தொடங்கியது. 2001 நவம்பர் வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓடிய அத்தொடர், அந்தச் சொல்லின்மேல் படிந்திருந்த கறையைத் தமிழ் இல்லங்களின் கூடத்திலேயே வைத்துத் துடைக்க முயன்றது. அதன் மையத்தில் நின்றவர் ராதிகா. அவருடைய கலையின் வலிமை யாது, அதன் எல்லை யாது, நம்பிக்கையாளராகிய நாம் அதிலிருந்து கொள்ள வேண்டியதும் தள்ள வேண்டியதும் யாவை என்பனவற்றை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவருடைய அரசியல் ஈடுபாடு இதற்குப் புறம்பானது.

மேடையின் மகள்

ராதிகா, எம்.ஆர். ராதாவின் மகள். 'ரத்தக் கண்ணீர்' நாடகத்தாலும் 1954இல் வந்த அதன் திரைவடிவத்தாலும் தமிழகத்தை உலுக்கிய அந்தப் பகுத்தறிவுக் கலைஞரின் சமயக் கருத்துகளோடு நமக்கு உடன்பாடில்லை. எனினும், பொய்ப்பக்தியைத் தோலுரித்த அவருடைய குரல் நம்மையும் ஆராய்ந்து பார்க்கச் செய்தது என்பதை மறுப்பதற்கில்லை. அந்தக் குரலின் கரகரப்பும் கிண்டலும் மகளுக்கும் பிதுரார்ஜிதமாக வந்தன.

பதின்ம வயதைக் கடக்குமுன்பே, 1978இல் பாரதிராஜா இயக்கிய 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் ராதிகா அறிமுகமானார். அப்படத்தில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர் பாஞ்சாலி. ஊரின் மூட வழக்கத்துக்குத் தன் மானத்தைப் பலியாக்கும்படி நிறுத்தப்படும் ஏழைப் பெண் அவள். செஞ்சி வட்டாரத்தில் வாழும் எங்களுக்கு அந்தப் பெயர் வெறும் பெயரன்று. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியைத் திரௌபதி வழிபாட்டின் முதன்மைத் தலமாக இப்பகுதி மக்கள் போற்றுகிறார்கள். கோடைதோறும் ஊர்ப் பொதுவில் பாரதம் படிக்கப்படுகிறது. விடிய விடியத் தெருக்கூத்து நடைபெறுகிறது. பெண்வேடமிட்ட ஆண் கலைஞர், சபையில் துகிலுரியப்படும் பாஞ்சாலியாக நின்று நியாயம் கேட்கையில், எதிரே பாயில் அமர்ந்திருக்கும் பெண்கள் தத்தம் வாழ்வையே நினைத்து அழுகிறார்கள். சபையோரைப் பார்த்து நியாயம் கேட்கும் பெண் என்ற அந்தப் பழம்பெரும் வடிவத்தைத்தான் ராதிகா தம் முதற்படத்திலேயே தோளில் ஏற்றார். பின்னாளில் அவர் தொலைக்காட்சியில் ஏற்ற பாத்திரங்கள் அனைத்திலும் அதன் சாயலைக் காணலாம்.

ஒரே வினா, மூன்று பக்கங்கள்

நூற்றுக்கணக்கான படங்களில் நடித்த ஒருவரின் பணியை ஒரு கட்டுரைக்குள் அடக்க முடியாது. அவருடைய மூன்று பாத்திரங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். இம்மூன்றும், பெறாத பிள்ளைக்குப் பெற்றோராவது எங்ஙனம் என்ற ஒரே வினாவை மூன்று பக்கங்களிலிருந்து எழுப்புகின்றன.

முதலாவது, கே. விசுவநாத் இயக்கத்தில் 1986இல் தெலுங்கில் வந்து, 'சிப்பிக்குள் முத்து' என்று தமிழிலும் ஒலித்த படம். அதில் ராதிகா சிறு மகனோடு நிற்கும் இளம் விதவை. கமல்ஹாசன் ஏற்ற, உலகம் அறியாத பேதை ஒருவன் அவள் கழுத்தில் தாலி கட்டி அவளுக்குத் துணையாகவும், அவள் பிள்ளைக்குத் தந்தையாகவும் ஆகிறான். இங்கே ராதிகா பெறுபவர். எதிர்பாராத அந்த அன்பைக் கண்டு முதலில் திகைத்து, பின் அஞ்சி, மெல்ல மெல்ல நம்பத் தொடங்கும் படிநிலைகளை மிகக் குறைந்த சொற்களில் அவர் காட்டியிருக்கிறார்.

இரண்டாவது, வசந்த் இயக்கி 1990இல் வந்த 'கேளடி கண்மணி'. மனைவியை இழந்து மகளோடு வாழும் ஒருவராக எஸ்.பி. பாலசுப்பிரமணியம், அவரை மணக்க விழையும் ஆசிரியை சாரதாவாக ராதிகா. மகளின் மறுப்பால் அம்மணம் நிகழாமற் போகிறது. அன்பு இருந்தும் குழந்தை தன்னை ஏற்கவில்லை என்பதை உணர்ந்து, அந்தக் குழந்தையை வெறுக்காமல் ஒதுங்கும் பெண்ணின் துயரம் தமிழ்த்திரைக்குப் புதியது. இங்கே அவர் மறுக்கப்பட்டவர்.

மூன்றாவது, சி.ஜே. பாஸ்கர் இயக்கிய 'சித்தி' தொடர். சிவகுமார் ஏற்ற பாத்திரத்தின் இல்லத்துக்கு இரண்டாம் தாரமாக வந்து, பெறாத பெண்ணுக்குத் தாயாகும் சாரதாவாக ராதிகா நடித்தார். பத்தாண்டுகளுக்கு முன் வாசலில் நிறுத்தப்பட்ட சாரதாவுக்கு இப்போது கதவு திறந்துவிட்டது போலும்!

இதே தலைப்பில் 1966இல் கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய ஒரு திரைப்படமும் உண்டு. குடும்பத்துக்காகத் தன் காதலைத் துறந்து, பிள்ளைகளை உடைய முதியவர் ஒருவரை மணக்கும் பெண்ணாகப் பத்மினி நடித்தார். அந்த முதியவராக நடித்தவர் எம்.ஆர். ராதா. தந்தை நடித்த 'சித்தி' ஒரு பெண்ணின் பலியைப் பேசியது. மகள் நடித்த 'சித்தி' ஒரு பெண்ணின் உரிமையைப் பேசியது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் தமிழ்க் குடும்பம் எந்த அளவு நகர்ந்திருக்கிறது என்பதை அறிய இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

கல்வாரியில் பிறந்த உறவு

இவ்விடத்தில் நம் நம்பிக்கை சொல்வதற்கு ஒன்று உண்டு. நாசரேத்து வீட்டில் இயேசுவை வளர்த்த சூசையப்பர், இரத்த உறவால் தந்தையானவர் அல்லர். தாம் பெறாத மகனுக்குப் பெயரிட்டு, தொழில் கற்பித்து, எகிப்துக்கும் நாசரேத்துக்கும் சுமந்து சென்று தந்தையானவர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8 அன்று அவரைப் பற்றி வெளியிட்ட திருத்தூது மடலில், ஒரு குழந்தை உலகுக்கு வந்துவிட்டதால் மட்டும் ஒருவர் தந்தையாகிவிடுவதில்லை என்றும், அக்குழந்தையின் பொறுப்பை ஏற்கும்போதே தந்தையாகிறார் என்றும் விளக்கியுள்ளார். சிலுவையடியில் நிகழ்ந்ததும் இதுவே. ஆண்டவர் தம் தாயை அன்புச் சீடரிடம் ஒப்படைத்தபோது, கருவறையில் தோன்றாத ஒரு தாய்மை அங்கே ஒரு சொல்லால் தோன்றியது. மரியா நம் அனைவருக்கும் தாயானது அவ்வழியேதான். அப்படியிருக்க, பெறாதவள் எங்ஙனம் தாயாவாள் என்று நம்மில் எவரேனும் கேட்பது தகுமா?

ஆயினும் நடைமுறை வேறாக இருக்கிறது. மனைவியை இழந்தவர் மறுமணம் புரிந்தால், ஊர் முழுவதும் புதுப்பெண்ணின் கரண்டியையே கவனிக்கிறது. மூத்தாள் பிள்ளையின் தட்டில் எத்தனை துண்டு மீன் விழுந்தது என்று அண்டை வீடு எண்ணுகிறது. குழந்தை இளைத்தால் அவள் பட்டினி போட்டாள், குழந்தையைக் கண்டித்தால் அவள் கொடுமைக்காரி, கண்டிக்காவிட்டால் பாசமில்லாதவள். முதல் நற்கருணைக்குப் பெயர் எழுத வந்த ஒரு சிறுமி, 'தாயின் பெயர்' என்ற இடத்தில் எழுதுகோலை நிறுத்தி, "சாமி, யார் பேரு எழுதணும்?" என்று கேட்டதுண்டு. இறந்த தாயின் பெயரை எழுதச் சொன்னேன், அதுவே முறை. அவள் எழுதிவிட்டு, அருகில் சிறிய எழுத்தில் சித்தியின் பெயரையும் எழுதினாள். அதனை நான் அடிக்கவில்லை. அத்தகைய சிறுமியருக்கும், அவர்களை வளர்க்கும் பெண்களுக்கும் மறையுரை மேடையிலிருந்து நாம் எத்தனை முறை பேசியிருக்கிறோம்? ஒரு தொலைக்காட்சித் தொடர் அவர்களைப் பற்றி நாள்தோறும் பேசியது.

நடிப்பின் நுட்பம்

திரையரங்கின் நடிப்பு வேறு, இல்லத்துப் பெட்டியின் நடிப்பு வேறு. பெரிய திரையில் மலையும் வயலும் நடிகரோடு சேர்ந்து நடிக்கும். சிறிய திரையில் முகம் ஒன்றே ஊர். கண்ணும் குரலுமே பயிர். நாள்தோறும் அரைமணி நேரம் அருகாமைக் காட்சிகளைத் தாங்கக்கூடிய முகம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ராதிகாவுக்கு வாய்த்தது.

அவருடைய தனிச்சிறப்பு அழுகையில் இல்லை. அழுகையை அடக்கும் இடத்தில் இருக்கிறது. எதிரில் இருப்பவர் கடுஞ்சொல் வீசியதும் அவர் உடனே பதில் பேசுவதில்லை. ஒரு கணம் தலை சற்றே சாய்கிறது. உதட்டோரத்தில் சிரிப்பா சினமா என்று தெரியாத ஓர் அசைவு. அதன்பின் தாழ்ந்த குரலில் சொல் வருகிறது. அந்த ஒரு கணத்தில்தான் பார்க்கும் பெண் தன் மாமியாரிடம் சொல்ல முடியாமற்போன விடையைத் தன் உள்ளத்தில் சொல்லிக்கொள்கிறாள். 1993இல் வந்த 'கிழக்குச் சீமையிலே' படத்தில் அண்ணனுக்கும் கணவனுக்கும் இடையே கிழிபடும் தங்கையாக அவர் காட்டிய வெடிப்பும் ஓலமும் பெரிய திரைக்கு உரியவை. அவற்றைச் சிறிய திரைக்கு அப்படியே கொண்டுவராமல் அளவு குறைத்தது அவருடைய கலையறிவுக்குச் சான்று.

அவர் நடிகை மட்டுமல்லர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1980களிலேயே அவர் தயாரித்த 'மீண்டும் ஒரு காதல் கதை', ஓர் இயக்குநரின் சிறந்த முதற்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. பின்னர் 'ராடான்' நிறுவனத்தைத் தொடங்கி, பலருக்கு ஊதியம் தரும் முதலாளியானார். பெண் ஒருத்தி தன் கதையில் தானே நடித்து, அக்கதையைத் தானே தயாரித்து, விற்பனையையும் தானே நிர்ணயித்த நிகழ்வு தமிழ்த் தொலைக்காட்சி வரலாற்றில் சிறியதன்று. முறிந்த மணவாழ்வையும், தனியொரு தாயாக மகளை வளர்த்த ஆண்டுகளையும் கடந்துவந்தவர் அவர். 'சித்தி' ஒளிபரப்பான 2001ஆம் ஆண்டில் நடிகர் சரத்குமாரை மணந்தபோது, முன்மணத்தின் பெண்மக்களை உடைய இல்லத்துக்குள் தாமும் நுழைந்தார். இவற்றைக் கொண்டு அவரை அளக்க நமக்கு உரிமையில்லை. பாத்திரத்தை மதிப்பிடுவது திறனாய்வு. ஆளைத் தீர்ப்பிடுவது வேறு செயல்.

ஒன்பதரை மணியின் வணிகம்

இனி எல்லைகளுக்கு வருவோம். 'சித்தி' ஐந்நூறு பகுதிகளுக்குள் நிறைவுற்றது. அதன்பின் 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே' எனத் தொடர்கள் வரிசையாக வந்தன. 2013இல் தொடங்கி 2018இல் முடிந்த 'வாணி ராணி' 1,700க்கும் மேற்பட்ட பகுதிகளாக நீண்டது. கதை மூன்று மடங்கு பெரிதானதா? இல்லை. நீளமே மூன்று மடங்கானது.

இதற்குக் காரணம் கலையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. தயாரிப்பாளர் ஒளிபரப்பு நேரத்தைக் கட்டணம் கொடுத்துப் பெற்று, விளம்பர நேரத்தை விற்றுப் பொருளீட்டும் முறை அந்நாளில் வேரூன்றியது. நல்ல பெயரெடுத்த தொடரை முடிப்பது ஓடும் கடையை மூடுவதற்கு ஒப்பானது. ஆகவே கதையில் ஒரு துன்பம் தீருமுன் அடுத்த துன்பம் வாசலில் நிற்க வேண்டும். தாலி பறிபோக வேண்டும். குழந்தை காணாமற்போக வேண்டும். பாலில் நஞ்சு கலக்கப்பட வேண்டும். இவற்றைச் செய்ய ஒரு பெண் வில்லி தேவை. பெண்ணின் மாண்பைப் பேசத் தொடங்கிய கலை, பெண்ணுக்குப் பெண்ணே பகை என்ற பழைய நஞ்சைப் புதிய கிண்ணத்தில் ஊற்றும் நிலைக்கு இவ்வாறு வந்து சேர்ந்தது.

இதன் உச்சத்தை 2020இல் தொடங்கிய 'சித்தி 2' காட்டியது. அதிலும் ராதிகாவே தலைமைப் பாத்திரம். 2021இல் அவர் விலகினார். தொடரோ அவரின்றியும் நடைபெற்றது. சித்தி இல்லாத 'சித்தி'! பாத்திரம் போனபின்னும் பெயர் மட்டும் ஓடியதென்றால், அங்கே விற்கப்பட்டது கதையா, பழக்கமா?

கூந்தல் முடியும் நாள்

எங்கள் வட்டாரத்துப் பாரதக் கூத்துக்கு ஒரு முடிவு உண்டு. பதினெட்டாம் போர் நாளில் மண்ணால் துரியோதனன் உருவைப் பெரிதாகக் கிடத்தி, படுகளம் நிகழ்த்துவார்கள். அன்று பாஞ்சாலி தன் விரிந்த கூந்தலை முடிக்கிறாள். சபதம் நிறைவேறுகிறது; மக்கள் வீடு திரும்பி மறுநாள் வயலுக்குச் செல்கிறார்கள். பகைவனின் குருதியால் முடியும் அந்த முடிவைக் கிறிஸ்தவ நெஞ்சம் அப்படியே ஏற்காது. ஆயினும் துன்பத்துக்கு ஓர் எல்லை உண்டென்ற அறிவு அதில் இருக்கிறது.

நம் ஊர்களில் நடைபெறும் பாஸ்கா நாடகங்களுக்கும் முடிவு உண்டு. பெரிய வெள்ளியின் இருளுக்குப்பின் மூன்றாம் நாள் கல்லறையின் கல் புரள்கிறது. கொன்றவருக்கு மன்னிப்பும், கொல்லப்பட்டவருக்கு உயிர்ப்பும் கிடைக்கும் முடிவு அது. தொலைக்காட்சித் தொடரில் இந்த மூன்றாம் நாள் இல்லை. அங்கே ஒவ்வோர் இரவும் வெள்ளிக்கிழமை. பாஞ்சாலி ஆண்டுக்கணக்கில் விரித்த கூந்தலோடு நிற்கிறாள். 'தொடரும்' என்ற சொல் அவள் கையைப் பிடித்து நிறுத்துகிறது. துன்பம் மீட்பை நோக்கிச் செல்லாமல் வட்டமாகச் சுழலும்போது, அதைப் பார்ப்பவரின் உள்ளத்திலும் எதிர்நோக்கு மெல்லத் தேய்கிறது. 'நம் வாழ்வும் இப்படித்தான்' என்று பெருமூச்செறிந்து எழுந்து செல்லும் பெண்ணுக்கு அத்தொடர் ஆறுதலைத் தந்திருக்கலாம், வழியைத் தரவில்லை.

இத்துடன் இன்னொரு கேள்வியும் எழுகிறது. தொடர்கள் போற்றும் பொறுமை எத்தகையது? எல்லா அடியையும் வாங்கிக்கொண்டு விளக்கேற்றும் பெண்ணே உத்தமி என்று பல தொடர்கள் கற்பிக்கின்றன. அடிபட்டு வரும் மனைவியிடம் சிலுவையைக் காட்டிப் பொறுத்துப்போகச் சொல்லும் தவறு நம்மிடையேயும் உண்டு. ஆனால் ஆண்டவர் தம்மை அறைந்த காவலனிடம் காரணம் கேட்டவர். அநீதியைப் பெயர் சொல்லி அழைத்தபின்பே மன்னித்தவர். ராதிகாவின் சிறந்த காட்சிகளில் இந்தக் காரணம் கேட்கும் குரல் இருக்கிறது என்பதே அவரை மற்றத் தொடர் நாயகியரிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது. அவர் ஏற்ற பெண்கள் வேலைக்குச் செல்கிறார்கள், காவல் சீருடை அணிகிறார்கள், வழக்காடுகிறார்கள். வணிகம் அந்தக் குரலை நீட்டி நீர்க்கச் செய்தது, அழிக்கவில்லை.

பார்ப்பவளின் முகம்

பனமலை ஏரிக்கரைக் குன்றின்மேல் இராசசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் நிற்கிறது. அதன் துணைச் சன்னதி ஒன்றின் சுவரில் பழங்கால ஓவியத்தின் எச்சம் காணப்படுகிறது. இறைவனின் நடனத்தைத் தேவி நின்று பார்க்கும் காட்சி அது. காலத்தின் போக்கில் ஆடுபவரின் உருவம் பெரிதும் மங்கிவிட்டது. குடையின்கீழ்த் தலைசாய்த்து, ஒரு காலை மடித்து நிற்கும் பார்வையாளராகிய தேவியின் முகம் இன்னும் எஞ்சியிருக்கிறது. கலையை ஆராய்பவர்க்கு அது ஒரு பாடம்: காட்சி மறையும், அது பார்ப்பவர் முகத்தில் விட்டுச் சென்றதே நிலைக்கும்.

1990களில் கேபிள் கம்பி எங்கள் சிற்றூர்களை எட்டியது. 2006க்குப் பின் அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி குடிசைகளுக்குள்ளும் நுழைந்தது. இன்று கைப்பேசியிலும் தொடர் ஓடுகிறது. ஆகவே நாம் கேட்க வேண்டியது, திரையில் தெரியும் முகம் எப்படிப்பட்டது என்பதோடு, திரைக்கு முன்னிருக்கும் முகம் எப்படி மாறுகிறது என்பதும்தான். நடிப்பவரையும் நாம் மறந்துவிடுகிறோம். 2020 டிசம்பரில் இளம் நடிகை சித்ரா மறைந்தபோது, "முல்லை செத்துப்போச்சாம்" என்றே பலர் பேசிக்கொண்டார்கள். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடரில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர் அது. நாள்தோறும் நம் வீட்டுக்குள் வந்துபோன பெண்ணின் சொந்தப் பெயரைக்கூட நாம் அறிந்திருக்கவில்லை. முகத்தை நேசித்து ஆளை மறப்பது அன்பாகுமா?

குடும்பச் செபமாலையைத் தொடர்கள் விழுங்கிவிட்டன என்று நம் அருள்பணியாளர்கள் கடிந்துகொள்வது வழக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் திருச்சபை தொலைக்காட்சியை வெறும் எதிரியாகக் கண்டதில்லை. 1958இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் புனித கிளாராவைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார். நோயுற்றுப் படுத்திருந்த அப்புனிதர் தொலைவில் நடந்த கிறிஸ்து பிறப்புத் திருப்பலியைத் தம் அறையிலிருந்தே கண்டார் என்பது மரபு. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகள் குறித்துத் தனி ஏடு ஒன்றை வெளியிட்டது. 'சித்தி' தொடங்கிய அதே 1999இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கலைஞர்களுக்கென்றே ஒரு மடல் வரைந்தார். பழிப்பதற்குமுன் பகுத்தறிந்து பார்க்கும் கடமையை இவை நமக்கு உணர்த்துகின்றன.

ஆகவே, அன்பியக் கூட்டங்களில் ஒரு நாளேனும் மக்கள் விரும்பிப் பார்க்கும் தொடரைப் பற்றிப் பேசட்டும். இதில் துன்புறுபவர் யார், அத்துன்பத்தால் பயன்பெறுபவர் யார், ஆண்டவர் அந்த வீட்டுக்குள் வந்தால் யார் அருகில் அமர்வார் என்ற மூன்று கேள்விகள் போதும். விவிலியத்தைத் திறப்பதற்கு அதைவிட நல்ல வாயில் பல இல்லங்களில் கிடைப்பது அரிது.

ராதிகாவின் கலைப்பணியில் வணிகத்தின் பதர் மிகுதி. ஆயினும் தூற்றிப் பார்த்தால் நெல்மணிகள் எஞ்சுகின்றன. அவற்றுள் தலையாயது, ஒரு சொல்லுக்கு அவர் மீட்டுத் தந்த மாண்பு. அடுத்த ஞாயிறன்று, மூத்தாள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலின் கடைசி வரிசையில் ஒதுங்கி நிற்கும் பெண்ணை நீங்கள் காணக்கூடும். அவளுக்கு உங்கள் அருகில் இடம் கொடுங்கள்.